இபாக் ஊரின் கத்திக்காரர்: கார்ல் எல்சனர் (1860–1918)



நம் வீடுகளில் மேசை இழுப்பறையைத் திறந்தால் பழைய சாவிகள், தீர்ந்துபோன பேட்டரிகள், ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே ஒரு சின்னச் சிவப்புப் பேனாக்கத்தி கிடப்பது அபூர்வமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மகனோ மருமகனோ வாங்கி வந்ததாக இருக்கும், அல்லது பணி ஓய்வு நாளில் அலுவலகத்தில் கொடுத்ததாக இருக்கும். கைப்பிடியில் ஒரு கேடயமும் அதற்குள் ஒரு சிலுவையும் இருக்கும். கூரியர் பொட்டலம் பிரிக்க, ஆப்பிள் நறுக்க, மூக்குக் கண்ணாடியின் தளர்ந்த திருகை முடுக்க என்று அது பல வேலைகளுக்குக் கைகொடுக்கிறது. 'சுவிஸ் ஆர்மி கத்தி' என்று சொல்கிறோம். ஆனால் அதைச் செய்தவர் யார், பட்டாளத்துக்கும் இந்தச் சின்னக் கத்திக்கும் என்ன தொடர்பு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த இதழில் அந்த மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் பெயர் கார்ல் எல்சனர்.

தொப்பிக்காரர் வீட்டுப் பிள்ளை

சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில் ஷ்வீட்ஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. நாட்டுக்கே பெயர் கொடுத்த மாநிலம் அது. 'ஷ்வீட்ஸ்' என்ற பெயரிலிருந்துதான் 'சுவிஸ்' என்ற சொல் வந்தது. மித்தன் என்ற இரட்டைச் சிகர மலையின் அடிவாரத்தில் ஷ்வீட்ஸ் நகரமும், அதை ஒட்டி மூவோட்டா ஆற்றங்கரையில் இபாக் என்ற சிற்றூரும் இருக்கின்றன. இன்று அந்த ஊரின் படத்தைப் பார்த்தால் பச்சைப் புல்வெளியும் பனிமலையுமாக, சினிமாப் பாட்டுக்கு ஏற்ற இடம் போலத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. மலைச் சரிவில் மாடு வளர்ப்பதைத் தவிர பெரிய வருமானம் இல்லை. பெரிய ஆலைகளும் இல்லை. குடும்பம் பெருகப் பெருக நிலம் போதவில்லை. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

கார்ல் எல்சனர் 1860 அக்டோபர் 9-ஆம் நாள் பிறந்தார். தந்தை பால்தசார் எல்சனர் தொப்பி செய்பவர். தாய் விக்டோரியா. இந்தத் தாயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மகன் தந்தையின் தொழிலுக்குப் போகவில்லை. கத்தி செய்யும் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் கைத்தொழில் கற்க ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு தொழிலாளியிடம் சில ஆண்டுகள் பழகுநராக இருக்க வேண்டும். பிறகு ஊர் ஊராகப் போய் வெவ்வேறு பட்டறைகளில் வேலை பார்த்து, ஒவ்வோர் இடத்தின் நுணுக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் சொந்தப் பட்டறை. எல்சனரும் அப்படியே போனார். பாரிஸில் வேலை பார்த்தார். தெற்கு ஜெர்மனியில் டுட்லிங்கன் என்ற ஊரில் வேலை பார்த்தார். டுட்லிங்கன் இன்றைக்கும் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்குப் பெயர்போன ஊர். மருத்துவரின் கையில் இருக்கும் கத்தி துளியும் பிசகக் கூடாது. அப்படிப்பட்ட வேலை நடக்கும் ஊரில் கை பழகியவர் எல்சனர்.

ஓடைத் தண்ணீரில் சுழன்ற சாணைக்கல்

1884 ஜனவரி 1. அன்றுதான் இபாக்கில் எல்சனரின் பட்டறை தொடங்கியது. வயது 23. தாய் விக்டோரியா மகனுக்குத் துணையாக நின்றார்.

மின்சாரம் இன்னும் ஊருக்கு வராத காலம். டோபல்பாக் என்ற ஓடையின் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் சாணைக்கல்லைச் சுழற்றியது. சமையலறைக் கத்தி, சவரக் கத்தி, அறுவை சிகிச்சைக் கருவிகள் என்று பட்டறையில் வேலை நடந்தது.

கத்தி வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துத் தோய்ச்சல் போட வேண்டும். இதில் சூடு கூடிப்போனால் அலகு கண்ணாடி போல உடையும். குறைந்துபோனால் நாலு நாளில் முனை மழுங்கும். பிறகு மறுபடி இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்த வேண்டும். அதன் பிறகு சாணை, மெருகு, கைப்பிடி பொருத்துதல். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தேர்ந்த கை வேண்டும். அதாவது, ஒரு பட்டறை வளர்ந்தால் ஊரில் பல கைகளுக்கு வேலை கிடைக்கும். எல்சனரின் எண்ணமும் இதுதான். கப்பல் ஏறிப் போகும் இளைஞர்களில் சிலருக்காவது ஊரிலேயே பிழைப்பு இருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் பின்னால் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும்.

பட்டாளத்துக்கு ஏன் ஒரு கத்தி?

சுவிட்சர்லாந்தின் ராணுவம் நாம் அறிந்த ராணுவம் போன்றது அல்ல. முழுநேரச் சிப்பாய்கள் மிகக் குறைவு. 1874-ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி, உடல் தகுதியுள்ள ஒவ்வோர் ஆணும் பயிற்சி பெற்றுச் சேவை செய்ய வேண்டும். பயிற்சி முடிந்ததும் விவசாயி வயலுக்கும் தச்சர் பட்டறைக்கும் திரும்பிவிடுவார்கள். ராணுவத்தில் கொடுத்த துப்பாக்கி முதலான பொருள்கள் அவர்கள் வீட்டிலேயே இருக்கும். ஆகவே அங்கே ராணுவத்துக்கு ஒரு பொருள் வாங்குகிறார்கள் என்றால், அது வீட்டுக்கு வீடு போய்ச் சேரும்.

1880-களின் இறுதியில் இந்த ராணுவத்துக்கு இரண்டு புதுத் தேவைகள் ஏற்பட்டன. ஒன்று, 1889-இல் அறிமுகமான ஷ்மிட்–ரூபின் துப்பாக்கி. இதைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுவதற்குத் திருப்புளி தேவைப்பட்டது. இரண்டாவது, தகர டப்பாவில் அடைத்த உணவு. டப்பா உணவு வந்த புதிதில் அதைத் திறக்க உளியும் சுத்தியலும் பயன்படுத்திய காலம் உண்டு. போர்க்களத்தில் சிப்பாய் உளிக்கு எங்கே போவார்?

ரொட்டி வெட்ட ஒரு கத்தி, துப்பாக்கிக்கு ஒரு திருப்புளி, டப்பாவுக்கு ஒரு திறப்பான் என்று தனித்தனியே சுமக்க வைப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே மடக்குக் கத்தியில் அடக்கிவிடலாம் என்று ராணுவம் முடிவு செய்தது. அதற்கு 'மாடல் 1890' என்று பெயர். ஓர் அலகு, ஒரு திருப்புளி, ஒரு டப்பா திறப்பான், தோலில் துளை போட ஒரு குத்தூசி. கைப்பிடி ஓக் மரம். தண்ணீர் ஊறாமல் இருக்க மரத்துக்கு எண்ணெய் ஊட்டியதால் அது கறுத்த நிறத்தில் இருந்தது. நீளம் 10 செ.மீ., எடை 144 கிராம். இன்றைய சிறிய செல்பேசியின் கனம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும். ஆனால் முரட்டு வேலைக்குத் தாங்கும்.

கத்தியின் வடிவம் தீர்மானமாகிவிட்டது. செய்வது யார்? அத்தனை ஆயிரம் கத்திகளைச் செய்து கொடுக்கும் அளவுக்குப் பெரிய பட்டறை சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே முதல் 15,000 கத்திகளுக்கான ஆர்டர் ஜெர்மனிக்குப் போனது. சோலிங்கன் நகரத்தின் வெஸ்டர் நிறுவனம் அவற்றைச் செய்து 1891 அக்டோபரில் அனுப்பியது.

இதே 1891 ஆகஸ்டில்தான் சுவிட்சர்லாந்து தன் கூட்டமைப்பின் 600-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. பெரிய விழா நடந்த இடம் ஷ்வீட்ஸ், அதாவது எல்சனரின் ஊர். விழா முடிந்த இரண்டே மாதத்தில், அந்த நாட்டுச் சிப்பாயின் சட்டைப் பைக்கு ஜெர்மனியில் செய்த கத்தி வந்து சேர்ந்தது.

சங்கம் கலைந்தது, கடன் நின்றது

தன் நாட்டுப் பட்டாளத்துக்கான கத்தியைத் தன் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று எல்சனர் கிளம்பினார். ஒருவரால் முடியாதது பலர் சேர்ந்தால் முடியும் அல்லவா? சிறு பட்டறைக்காரர்களை ஒன்று சேர்த்து, சுவிஸ் கத்தித் தொழிலாளர் சங்கம் ஒன்றை 1891-இல் தொடங்கினார். ஏறக்குறைய 25 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் செய்து, எல்லாம் சேர்த்து ராணுவத்துக்குக் கொடுப்பது என்பது ஏற்பாடு. அந்த ஆண்டின் கடைசியில் எல்சனரின் பட்டறையில் ராணுவக் கத்தி வேலை தொடங்கியது.

நம்மைப் போலச் சங்கம் நடத்துபவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தொடங்கும்போது இருந்த கூட்டம் நிலைக்கவில்லை. ஆனால் இங்கே காரணம் மனத்தாங்கல் அல்ல, கணக்கு. சோலிங்கன் பல நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பெயர்போன நகரம். அங்கே பெரிய ஆலைகள், இயந்திரங்கள், நூற்றுக்கணக்கான ஆட்கள். ஒரே மாதிரி கத்தியை ஆயிரக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொன்றின் அடக்க விலையும் இறங்கும். இபாக்கில் ஓடைத் தண்ணீரில் சாணை பிடிக்கும் பட்டறையால் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் ஒவ்வொரு கத்திக்கும் கைக்காசு போகும்.

சங்கத்தில் இருந்தவர்கள் இதை விரைவிலேயே புரிந்துகொண்டு ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவரவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குள் சங்கத்தில் மிஞ்சியவர் எல்சனர் ஒருவர்தான்.

அவர் விலகவில்லை. நட்டத்தோடு கத்தி செய்து கொடுத்தார். கையில் இருந்த சொத்து கரைந்தது. கடன் ஏறியது. பட்டறையை மூடி, கடன்காரர்களிடம் கையை விரிக்க வேண்டிய நிலை வரைக்கும் போய்விட்டார். உறவினர்கள் கைகொடுத்ததால்தான் பட்டறை தப்பியது. அப்போது எல்சனருக்கு முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான்.

இதைப் படிக்கும்போது, ராணுவ ஆர்டர் கிடைத்தால் அப்புறம் என்ன கவலை என்று தோன்றும். எல்சனர் கதையில் நடந்தது நேர்மாறு. ராணுவத்தின் ஆர்டர் அவருக்குப் பெயரைக் கொடுத்தது, கூடவே தலைக்கு மேல் கடனையும் கொடுத்தது. அதிலிருந்து அவரை மீட்டது வேறொரு கத்தி. அதை ராணுவம் வாங்கவே இல்லை.

ஒரு ஸ்பிரிங், இரண்டு பக்கம்

சிப்பாய்க் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதையே மெலிதாக, அழகாக, இன்னும் கூடுதல் கருவிகளோடு செய்ய முடியுமா என்று எல்சனர் முயன்றார். இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. கையில் பேனாக்கத்தி இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள், எளிதில் புரியும்.

மடக்குக் கத்தியின் முதுகுப் பக்கம் நீளவாட்டில் ஓர் எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதியை அது அழுத்திக்கொண்டே இருப்பதால்தான், விரித்தால் அலகு 'டக்'கென்று விரிந்து நிற்கிறது, மடக்கினால் உள்ளே அடங்கிக் கிடக்கிறது. கருவிகள் கூடக் கூட இந்த ஸ்பிரிங்குகளும் கூட வேண்டும். ஸ்பிரிங் கூடினால் கத்தி தடிக்கும், கனக்கும், விலையும் ஏறும்.

எல்சனர் 1896-இல் இதற்கு வழி கண்டார். கத்தியின் வயிற்றுப் பக்கம் இருக்கும் கருவிகளை அழுத்தும் அதே ஸ்பிரிங்கை, முதுகுப் பக்கம் இருக்கும் கருவிகளுக்கும் பயன்படுத்தினார். ஒரு பக்கம் அலகுகள், இன்னொரு பக்கம் குத்தூசியும் கார்க் திருகியும், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே பட்டை. இப்படிச் செய்ததில், ஆறு கருவிகளுக்கு இரண்டே ஸ்பிரிங் போதுமானதாயிற்று. பெரிய அலகு, சின்ன அலகு, டப்பா திறப்பான், திருப்புளி, குத்தூசி, கார்க் திருகி. சிப்பாய்க் கத்தியைவிடக் கூடுதல் கருவிகள், ஆனால் எடை குறைவு.

1897 ஜூன் 12-ஆம் நாள் இந்தக் கத்தி சட்டப்படி பதிவானது. பெயர் 'அதிகாரிகள் மற்றும் விளையாட்டு வீரர்கள் கத்தி'. எல்சனருக்கு வயது 36.

ராணுவம் இதைத் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்கவில்லை. சிப்பாய்க்குக் கார்க் திருகி எதற்கு என்று நினைத்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதிகாரிகள் கடைக்குப் போய்த் தங்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். இதற்கு முன்பே எல்சனர் மாணவர் கத்தி, பயிற்சி வீரர் கத்தி, விவசாயி கத்தி என்று வெவ்வேறு ஆட்களுக்கு ஏற்ற மாதிரிகளையும் செய்திருந்தார். பென்சில் சீவும் பையனுக்கு என்ன வேண்டும், கொடி கத்தரிக்கும் விவசாயிக்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் செய்தவை அவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோலிங்கன் ஆலைகளோடு அதே கத்தியை வைத்துக்கொண்டு விலைப் போட்டி போட்டிருந்தால் எல்சனர் தோற்றிருப்பார். ஏற்கெனவே பாதி தோற்றும்விட்டார். அவர் செய்தது, அவர்களிடம் இல்லாத ஒரு கத்தியைச் செய்தது. அதோடு, ஒரு பெரிய வாடிக்கையாளரை மட்டும் நம்பாமல், தெருவில் போகும் ஆயிரம் சின்ன வாடிக்கையாளர்களின் சட்டைப் பையைத் தேடிப் போனது. மெல்ல மெல்லக் கடன் அடைந்தது. பட்டறை ஆலையாக வளர்ந்தது. இபாக்கில் வேலைக்கு ஆட்கள் சேர்ந்தார்கள்.

அம்மாவின் பெயர்

ராணுவ ஆர்டரிலும் அவருக்கு ஒரு பங்காளி வந்தார். பிரெஞ்சு மொழி பேசும் ஜூரா பகுதியிலிருந்த ஒரு நிறுவனமும் 1893 முதல் ராணுவத்துக்குக் கத்தி செய்தது. பின்னாளில் வெங்கர் என்ற பெயரில் பிரபலமானது இதுதான். ஜெர்மன் பேசும் பகுதிக்கு ஒரு நிறுவனம், பிரெஞ்சு பேசும் பகுதிக்கு ஒரு நிறுவனம். யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்று 1908-இல் அரசாங்கம் ஆர்டரைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது. அடுத்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சுவிஸ் சிப்பாய்க் கத்தியை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்தே செய்தன.

1909-இல் தாய் விக்டோரியா காலமானார். பட்டறை தொடங்கிய நாளில் கூட நின்றவர் அவர். எல்சனர் தன் கத்திகளுக்கு அந்தத் தாயின் பெயரையே வைத்தார். அதுவரை சொந்தப் பெயரில் தொழில் நடத்திய அவரது கத்தி, 'விக்டோரியா' ஆனது. அதே ஆண்டில் கேடயமும் சிலுவையும் சேர்ந்த அடையாளச் சின்னத்தையும் பதிவு செய்தார். நம் வீட்டு இழுப்பறைக் கத்தியில் இன்றும் இருப்பது அந்தச் சின்னம்தான். நாட்டின் கொடியில் உள்ள சிலுவை கைப்பிடியில், அம்மாவின் பெயர் அலகில்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. சுவிட்சர்லாந்து போரில் சேரவில்லை. போர் 1918 நவம்பரில் முடிந்தது. அடுத்த மாதம், டிசம்பர் 26-ஆம் நாள், கார்ல் எல்சனர் இறந்தார். வயது 58.

அவருக்குப் பின்

மகன் கார்ல் எல்சனர் பொறுப்பேற்றார். தந்தையும் மகனும் ஒரே பெயர். இன்றைக்கு நான்காம் தலைமுறையிலும் நிறுவனத்தை நடத்துபவர் பெயர் கார்ல் எல்சனர்தான்.

அந்த நாள் வரைக்கும் கத்திகள் சாதாரண எஃகில் செய்தவை. எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் துருப் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு பிரபலமான பிறகு, 1921-இல், நிறுவனம் அதற்கு மாறியது. துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சு மொழியில் சுருக்கப் பெயர் 'இனாக்ஸ்'. விக்டோரியாவும் இனாக்ஸும் சேர்ந்தன. அப்படித்தான் 'விக்டோரினாக்ஸ்' என்ற பெயர் பிறந்தது. கடையில் நாம் சாதாரணமாக உச்சரிக்கும் அந்தப் பெயரில் பாதி ஒரு தாயின் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தக் கத்தியை விரும்பி வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் 'ஒஃபிட்சீயர்ஸ்மெஸ்ஸர்'. அவர்கள் வாயில் அது நுழையவில்லை. ஆகவே 'சுவிஸ் ஆர்மி நைஃப்' என்று எளிதாக அழைத்தார்கள். சுவிஸ் ராணுவம் வாங்க மறுத்த கத்திக்கு, அமெரிக்கச் சிப்பாய்கள் 'சுவிஸ் ராணுவக் கத்தி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே உலகமெங்கும் நிலைத்துவிட்டது. பின்னாளில் அமெரிக்க விண்வெளி ஓட வீரர்களோடு விண்வெளிக்கும் போய்வந்தது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உலகெங்கும் விமானத்துக்குள் கத்தி கொண்டுபோகத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் பேனாக்கத்தி விற்பனை நின்றது. நிறுவனத்தின் வியாபாரம் வெகுவாகச் சரிந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இபாக்கில் அது நடக்கவில்லை. வேலை நேரத்தைக் குறைத்தார்கள், சிலரை அக்கம்பக்கத்து நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பி வைத்தார்கள். யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. கத்தியோடு கைக்கடிகாரம், பயணப் பை என்று மற்ற பொருள்களை வளர்த்தார்கள். 2005-இல், சிரமத்தில் இருந்த பழைய பங்காளியான வெங்கர் நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆலை இன்றும் இபாக்கில்தான் இருக்கிறது. ஊர் இளைஞர்கள் கப்பல் ஏறாமல் இருக்க ஊரிலேயே வேலை வேண்டும் என்று ஓடைக்கரையில் பட்டறை போட்டவரின் எண்ணம், அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே சம்பளமாகக் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. சங்கத்திலிருந்து மற்ற அனைவரும் விலகிய அன்று அவரும் விலகியிருந்தால், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியிருப்பார். அவ்வளவுதான்.

உங்கள் இழுப்பறையில் ஒரு பேனாக்கத்தி இருந்தால்

பல ஆண்டுகளாகத் தொடாமல் கிடக்கும் கத்திக்கு உயிர் கொடுப்பது எளிது.

• எல்லாக் கருவிகளையும் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் இடுக்குகளைத் தேய்க்கவும். தண்ணீருக்குள்ளேயே சில முறை விரித்து மடக்கினால் உள்ளே இருக்கும் அழுக்கு வெளியேறும்.

• நன்றாகத் துடைத்து உலரவிட்டு, மூட்டுகளில் ஒவ்வொரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடவும். பழம் நறுக்கும் கத்தி என்றால் எண்ணெய் அலகில் படாமல் துடைத்துவிடவும்.

• இவ்வகைக் கத்திகளில் பெரும்பாலானவற்றின் அலகுக்குப் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம் மட்டுமே. முனையால் குத்தி அழுத்தினால் விரல் மேலேயே மடங்கும். குத்துவதற்குக் குத்தூசி இருக்கிறது, திருகுவதற்குத் திருப்புளி இருக்கிறது. அலகு வெட்டுவதற்கு மட்டும்.

• சிறுவர்களுக்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுக்கவும். மடக்கும்போது விரல்கள் அலகின் பாதையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக் கொடுக்கவும்.

• விமானப் பயணத்துக்குக் கிளம்பும்போது கைப்பையையும் சாவிக் கொத்தையும் ஒரு முறை பாருங்கள். கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதன் இடம் செக்-இன் பெட்டிதான். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொண்டால் திரும்பக் கிடைக்காது.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.